ஒரு தூக்குக்கு எட்டு உயிர் என்ற கணக்கு

எங்கள் கல்லூரி வாட்ஸப் குழுவில் வருஷத்துக்கு இரண்டு முறையாவது இந்தச் சண்டை வந்துவிடும். எங்கோ ஒரு கொடூரம் நடக்கும். செய்தி வந்த அரை மணி நேரத்தில் யாராவது ஒருத்தன், "நாலு பேரைத் தூக்குல போட்டாத்தான் அஞ்சாவது ஆளுக்குப் பயம் வரும்டா" என்று எழுதுவான். நான் உடனே கைவசம் உள்ள ஒரு கணக்கை எடுத்து விடுவேன். திருவிதாங்கூரில் மரண தண்டனை இல்லாமல் இருந்த 1945-50 காலத்தில் நடந்த கொலைகள் 962. தண்டனை மீண்டும் வந்தபின் 1950-55 காலத்தில் நடந்தவை 967. "பாத்தியா, தூக்கு இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்." நான் நாகர்கோவில்காரன். அன்று எங்கள் ஊரும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. அதனால் அந்தக் கணக்கின்மேல் கொஞ்சம் சொந்த ஊர்ப் பாசமும் உண்டு.

போன முறை சண்டை வந்தபோது ஒரு நண்பன் பதிலுக்கு வேறொரு கணக்கோடு வந்தான். "அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணியே சொல்லிட்டான். ஒரு தூக்குக்கு எட்டு உயிர் பிழைக்குதாம்." வாயடைத்துவிட்டது. ஆராய்ச்சி என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் எனக்கு மூலத்தைப் பார்க்காமல் தூக்கம் வராது. பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு. நான் மென்பொருள்காரன், பொருளாதாரம் முறையாகப் படித்தவன் அல்ல. ஆனால் இதைப் புரிந்துகொள்ள பள்ளிக்கூட மடக்கைக் கணக்கும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

அந்த எட்டு வந்த இடம் ஐசக் எர்லிக் என்ற பொருளாதார அறிஞர் 1975 ஜூனில் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் எழுதிய கட்டுரை. குற்றவாளியும் லாப நஷ்டம் பார்த்து முடிவெடுப்பவன்தான் என்று 1968-ல் கேரி பெக்கர் ஒரு கோட்பாடு சொன்னார். எர்லிக் அதே வழியில் வந்தவர். அவருக்கு முன்னால் இந்தத் துறையில் பெரிய பெயர் தோர்ஸ்டன் செலின். மரண தண்டனை இல்லாத மிச்சிகன் மாநிலத்தையும், தண்டனை உள்ள ஓஹையோ, இண்டியானா மாநிலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கொலை விகிதத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றவர் அவர். எர்லிக் அதற்குச் சொன்ன ஆட்சேபணை நியாயமானது. சட்டப் புத்தகத்தில் தண்டனை இருப்பது வேறு, உண்மையில் நிறைவேற்றுவது வேறு. வேலையின்மை, வருமானம், இளைஞர்களின் விகிதம் என்று கொலையைக் கூட்டிக் குறைக்கும் மற்ற காரணங்களையும் கணக்கில் எடுக்காமல் வெறும் ஒப்பீடு செய்து என்ன பயன்?

அதனால் 1930-களிலிருந்து 1969 வரையிலான அமெரிக்கா முழுமைக்குமான தரவை எடுத்து ரிக்ரஷன் போட்டார். கொலைகாரன் கைதாகும் வாய்ப்பு, கைதானால் தண்டிக்கப்படும் வாய்ப்பு, தண்டிக்கப்பட்டால் உயிர் போகும் வாய்ப்பு என மூன்றையும் தனித்தனியாக வைத்தார். (அங்கே பெரும்பாலும் மின்நாற்காலியும் விஷவாயுவும்தான். நம் பேச்சு வழக்கப்படி தூக்கு என்றே எழுதுகிறேன்.) தூக்கின் வாய்ப்பு 10 சதவீதம் கூடினால் கொலை 0.6 சதவீதம் அளவுக்குக் குறைகிறது என்று விடை வந்தது. அந்தக் காலகட்டத்தில் வருஷத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 9,000 கொலை, 75 தூக்கு. ஒரு தூக்குக்கு 120 கொலை. 120-ஐ 0.06-ஆல் பெருக்கினால் ஏழு சொச்சம். ஏழு அல்லது எட்டு உயிர் என்பது இப்படி வந்ததுதான். எட்டு மனிதர்களை யாரும் போய் எண்ணவில்லை. அது ஒரு சின்னப் பின்னத்தை ஒரு பெரிய எண்ணால் பெருக்கி வந்த விடை.

கட்டுரை வந்த நேரம் முக்கியம். 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அன்றிருந்த மரண தண்டனைச் சட்டங்களை நிறுத்தி வைத்திருந்தது. மாநிலங்கள் புதுச் சட்டம் எழுதிக்கொண்டு மீண்டும் நீதிமன்றம் வந்தன. அரசின் சொலிசிட்டர் ஜெனரல் ராபர்ட் போர்க், கட்டுரை அச்சாகும் சமயத்திலேயே, அதை ஆதாரமாக நீதிமன்றத்தின் முன் வைத்தார். எங்கள் தொழிலில் சொன்னால், டெஸ்ட் பண்ணாத கோடை நேராக ப்ரொடக்‌ஷனில் ஏற்றிய மாதிரி. 1976 ஜூலையில் கிரெக் வழக்கின் தீர்ப்பில் மரண தண்டனை திரும்பி வந்தது. தண்டனைக்கு ஆதரவாக எழுதிய நீதிபதி ஸ்டூவர்ட்டே, புள்ளிவிவரம் எந்தப் பக்கமும் முடிவாகச் சொல்லவில்லை என்றுதான் எழுதினார். மாறுபட்டு எழுதிய நீதிபதி மார்ஷல் எர்லிக்கின் முறையை விரிவாகவே கேள்வி கேட்டார். ஆனால் மக்கள் மனதில் எட்டு தங்கிவிட்டது.

டெஸ்ட் பிறகுதான் நடந்தது. பவர்ஸ், பியர்ஸ் இருவரும் ஒரு பக்கம், பாஸல், டெய்லர் இருவரும் இன்னொரு பக்கம் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். 1963-க்குப் பிந்தைய சில வருஷங்களை எடுத்துவிட்டால் தூக்கின் விளைவு மறைந்துபோகிறது. அதற்கு முந்தைய கால் நூற்றாண்டுத் தரவு அந்த முடிவைத் தாங்கவில்லை. மொத்த எடையும் கடைசி ஏழு வருஷங்களில் நிற்கிறது.

ஏன் அந்த ஏழு வருஷம்? இங்கேதான் மடக்கை வருகிறது. எர்லிக் எல்லா மாறிகளையும் மடக்கையாக மாற்றிக் கணக்குப் போட்டார். மடக்கை பார்ப்பது எத்தனை மடங்கு என்பதைத்தான். 200 நூறாகக் குறைவதும் 2 ஒன்றாகக் குறைவதும் அதற்கு ஒரே அளவு மாற்றம். அமெரிக்காவில் 1935-ல் 199 பேருக்குத் தண்டனை நிறைவேறியது. 1963-ல் 21, 1965-ல் 7, 1966-ல் 1, 1967-ல் 2, அதன்பின் ஒன்பது வருஷம் பூஜ்யம். ஒற்றை இலக்கத்தில் நடந்த இந்தச் சரிவு மடக்கையில் மலையிலிருந்து விழுந்த மாதிரி தெரியும். அதே வருஷங்களில் கொலை விகிதம் லட்சத்துக்கு 4.6-லிருந்து 7.3 ஆக ஏறியது. ஒன்று விழ, மற்றது ஏற, ரிக்ரஷன் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. ஆனால் அந்தப் பத்தாண்டில் வழிப்பறியும் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. வழிப்பறி செய்பவன் தூக்கு குறைந்துவிட்டதே என்றா துணிந்திருப்பான்? 1960-களில் அமெரிக்கச் சமூகத்தில் வேறு என்னென்னவோ நடந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் ஒரு தூக்குக் கயிற்றில் கட்டித் தொங்கவிட முடியாது.

எர்லிக் சும்மா இருக்கவில்லை. பதில் எழுதினார். மாநிலவாரித் தரவை வைத்து இன்னொரு கட்டுரையும் எழுதினார். 2003-ல் டெஷ்பாக்‌ஷ், ரூபின், ஷெப்பர்டு மூவரும் மாவட்ட அளவிலான தரவோடு வந்து, எட்டு இல்லை, பதினெட்டு உயிர் என்றார்கள். அரசு கொல்லாமல் இருப்பதுதான் அறமற்றதோ என்று சட்டப் பேராசிரியர்கள் சிலர் கேட்கும் அளவுக்கு அது போனது. 2005-ல் ஜான் டோனஹியூவும் ஜஸ்டின் வுல்ஃபர்ஸும் அந்தப் பதினெட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். குடியரசுக் கட்சியின் வாக்கு விகிதத்தைத் தேர்தல்வாரியாகத் தனித்தனி மாறிகளாக வைக்காமல் ஒரே மாறியாகச் சேர்த்தால் போதும், குறியே மாறிவிடுகிறது. தூக்கு கொலையைக் கூட்டுகிறது என்று விடை வருகிறது! ஒரு கான்ஃபிக் மாற்றத்தில் கூட்டல் கழித்தலாகிவிடும் ப்ரோக்ராமை நான் க்ளையன்ட்டிடம் கொடுக்க மாட்டேன். கொடுத்தால் வேலை போய்விடும்.

இது தனி மனிதர்களின் தவறு என்பதைவிட, தரவின் இயல்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவில் 1976-க்குப் பிறகு அதிகபட்சம் தூக்கு நடந்த வருஷம் 1999. மொத்தம் 98. முந்தைய வருஷத்தைவிட 30 கூடுதல். எர்லிக் கணக்கையே ஒப்புக்கொண்டாலும் 240 கொலை குறைய வேண்டும். ஆனால் அந்த ஒரு வருஷத்தில் கொலை சுமார் 17,000-லிருந்து 15,500-க்கு இறங்கியது. கிட்டத்தட்ட 1,450 குறைவு. 1960-களில் பல ஆயிரம் ஏறியதும் இப்படித்தான். சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒருத்தர் காதில் சொன்னதைக் கேட்டேன் என்கிற மாதிரியான வேலை இது. கேட்டது அவர் சொன்னதா, நாம் கேட்க விரும்பியதா? பக்கத்து நாடான கனடாவில் 1962-க்குப் பிறகு யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை. ஆனாலும் இரு நாட்டுக் கொலை விகிதங்களும் பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய சேர்ந்தே ஏறி இறங்கியிருக்கின்றன.

2012-ல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழுமம் முப்பது வருஷத்துக்கும் மேலான ஆய்வுகளை எல்லாம் பரிசீலித்து ஒரு அறிக்கை தந்தது. தூக்கு கொலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, ஒன்றும் செய்வதில்லையா என்று இந்த ஆய்வுகளை வைத்துச் சொல்லவே முடியாது, கொள்கை முடிவுகளுக்கு இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் சாரம். இரண்டு ஓட்டைகளை அது எடுத்துக் காட்டியது. தூக்கு இல்லாவிட்டால் ஆயுள் தண்டனை இருக்கிறதே, அதன் விளைவைப் பிரித்துப் பார்க்கவில்லை. கொலை செய்யப் போகிறவன் மனதில் தண்டனையைப் பற்றி என்ன கணக்கு ஓடுகிறது என்பதும் யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் படித்தபின் மறுபடி 1975 கட்டுரைக்குப் போனேன். எனக்குப் பெரிய ஆச்சரியம் அங்கேயே இருந்தது. எர்லிக்கின் சொந்தக் கணக்குப்படியே கொலையைக் குறைப்பதில் முதல் இடம் கைதாகும் வாய்ப்புக்கு. அடுத்தது தண்டனை உறுதியாகும் வாய்ப்பு. தூக்கு மூன்றாவது, அதுவும் ரொம்பப் பின்னால். 1764-லேயே இத்தாலியின் பெக்கரியா சொன்னது இதைத்தான்: தண்டனையின் கொடுமையைவிட அதன் நிச்சயம்தான் குற்றத்தைத் தடுக்கும். மாடலையே சந்தேகிக்கும்போது அதன் இந்த வரியை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது, சரிதான். ஆனால் எட்டை நம்புகிறவர்கள் எட்டுக்கு மேலே உள்ள இரண்டு வரிகளையும் நம்பியாக வேண்டும் அல்லவா? போலீஸைக் கூட்டு, தடய அறிவியல் கூடத்தில் தேங்கிக் கிடப்பதை முடி, சாட்சிக்குப் பாதுகாப்பு கொடு என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும். அதற்குக் காசும் காலமும் பிடிக்கும். தூக்கு கேட்க ஒரு வரி போதும்.

நம் நாட்டிலும் இதே கதைதான். 2015 ஆகஸ்டில் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தன் 262-ஆவது அறிக்கையில், ஆயுள் தண்டனையைவிட மரண தண்டனை கூடுதலாகக் குற்றத்தைத் தடுப்பதில்லை என்ற முடிவுக்கு வந்தது. பயங்கரவாதம், நாட்டின் மீது போர் தொடுத்தல் ஆகியவை தவிர மற்றவற்றுக்கு அதை நீக்கச் சொன்னது. 2018-லும் 2019-லும் நாடாளுமன்றம் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கு மரண தண்டனையைப் புதிதாகச் சேர்த்தது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. பெண் குழந்தையின் அப்பா நான். ஆனால் கோபத்துக்குத் 'தடுக்கும்' என்ற பெயரைச் சூட்டும்போதுதான் சிக்கல். பழி தீர்க்க வேண்டும் என்றால் அப்படியே சொல்லலாம், அதன் நியாயத்தை விவாதிக்கலாம். உயிர் காக்கிறோம் என்று சொன்னால் கணக்குக் காட்டியாக வேண்டும். அரை நூற்றாண்டாக அந்தக் கணக்கு தேறவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு என் 962-967-ஐ மட்டும் விட்டுவைத்தால் நான் யோக்கியன் இல்லை. அந்த ஐந்து வருஷ இடைவெளியில் ஜனத்தொகை எவ்வளவு கூடியது? கூடிய ஜனத்தொகையில் அதே கொலை என்றால் விகிதம் குறைந்திருக்கிறது. தூக்கு வந்ததால்தான் குறைந்தது என்று என் நண்பன் வாதிடலாமே! 1949-ல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்தது. இரண்டு எண்களும் ஒரே எல்லைக்குள் எடுத்தவையா? நடுவில் சுதந்திரம், சமஸ்தானம் போனது, நிர்வாகம் மாறியது. இரண்டே புள்ளிகளை வைத்து எந்தக் கோடும் போடலாம். எர்லிக்காவது ஏழு வருஷத்தில் சாய்ந்து நின்றார். நான் ஒரு கழித்தல் கணக்கில் நின்றிருக்கிறேன். எனக்குப் பிடித்த பதிலைச் சொன்னதால் அதை ஒரு நாளும் சோதித்துப் பார்க்கவில்லை.

குழுவில் போய் அதை வாபஸ் வாங்கினேன். "அப்ப நான் ஜெயிச்சிட்டேனா?" என்று கேட்டான் நண்பன். இல்லடா, உன் எட்டும் போச்சு, என் ஐந்தும் போச்சு என்றேன். மிச்சம் இருப்பது ஒரே கேள்வி. ஒரு உயிரை எடுக்கும் முன்னால் நிரூபிக்க வேண்டியது யார், எடுக்கச் சொல்கிறவரா, வேண்டாம் என்கிறவரா? இன்னும் பதில் வரவில்லை. அடுத்த செய்தி வரும்போது மறுபடி கேட்பேன்.