பத்தாயிரம் வோட்டுக்குப் பிறகு

ஜனங்களின் ருசியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வியை நாம் இலக்கியத்தில்தான் அடிக்கடி கேட்கிறோம். சினிமாவில் யாரும் கேட்பதில்லை. அங்கே டிக்கெட் விற்பனையே பதிலாகிவிடுகிறது. ஆனால் இதே கேள்வியை டென்மார்க்கில் ஒரு பொம்மைக் கம்பெனி பல வருஷங்களாகப் பகிரங்கமாகக் கேட்டு வருகிறது. குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்தானே என்று ஒதுக்கிவிடுகிற வாசகர் ஒதுக்கிவிடலாம். எனக்கென்னவோ, நம் பத்திரிகைகளும் பரிசுக் கமிட்டிகளும் மூடி மூடி வைத்துக்கொள்கிற பல சங்கடங்கள் அங்கே வெளிச்சத்தில் நடப்பதாகத் தோன்றுகிறது.

கம்பெனியின் பெயர் லெகோ. பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-ல் ஆரம்பித்தது. 1958-ல் அவர்கள் காப்புரிமை பெற்ற பிளாஸ்டிக் கட்டையின் அமைப்பு இன்றுவரை மாறவில்லை. அன்று வாங்கிய கட்டை இன்று வாங்கியதோடு கச்சிதமாகப் பொருந்தும். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறை எடுத்துக்கொண்டால் 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். எழுத்துக்கள் கொஞ்சம், சேர்க்கைக்கு முடிவில்லை. ஆகவே இதைப் பொம்மை என்பதைவிட ஒரு பாஷை என்று சொல்வது பொருத்தம். பாஷை என்று வந்துவிட்டால் அதில் எழுதுகிறவர்களும் வந்துவிடுவார்கள். கம்பெனிச் சம்பளம் வாங்காமல், வீட்டு மேஜையில் உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாகக் கட்டிப் பிரித்துக் கட்டுகிற பெரியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

இவர்களுடைய சிருஷ்டிகளையும் விற்பனைக்குக் கொண்டுவரலாமே என்ற யோசனை 2008-ல் ஜப்பானில் பரீட்சார்த்தமாக அமலுக்கு வந்தது. அதற்கு வைத்த பெயர் கூஸோ. ஜப்பானிய மொழியில் கற்பனை, பகற்கனவு என்று பொருள். ஒரு வடிவத்துக்கு ஆயிரம் பேர் ஆதரவு தெரிவித்தால் கம்பெனி பரிசீலிக்கும் என்று ஏற்பாடு. முதலில் தேறியது ஷிங்காய் 6500 என்ற ஆழ்கடல் ஆராய்ச்சிக் கப்பல். 6,500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கக்கூடிய அசல் ஜப்பானியக் கப்பலின் பிரதி. அந்த ஆயிரம் பேர் சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

2011-ல் இந்த ஏற்பாட்டை உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டார்கள். எண்ணிக்கையை ஆயிரத்திலிருந்து 10,000-ஆக உயர்த்தினார்கள். உடனே ஒரு வேடிக்கை நடந்தது. மைன்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை ஆதாரமாகக் கொண்ட ஒரு வடிவம் 48 மணி நேரத்துக்குள் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆழ்கடல் கப்பல் ஒரு வருஷத்தில் ஆயிரம், கம்ப்யூட்டர் விளையாட்டு இரண்டே நாளில் பத்தாயிரம். வோட்டு எதை அளக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் தேடினாலும் கிடைக்காது. செய்திருக்கிற வேலையின் நேர்த்தியை அது அளப்பதில்லை. ஏற்கெனவே எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்பதைத்தான் அளக்கிறது.

2014-ல் பெயரை லெகோ ஐடியாஸ் என்று மாற்றினார்கள். விதிகளும் கெட்டிப்பட்டன. அனுப்புகிற வடிவத்துக்கு முதல் 60 நாளில் 100 பேர் சேர வேண்டும். சேர்ந்தால் 1,000 பேரைச் சேர்க்க இன்னும் ஒரு வருஷம். அதிலும் தேறினால் 5,000-க்கு ஆறு மாதம், பிறகு 10,000-க்கு இன்னொரு ஆறு மாதம். எங்காவது தவணை தவறினால் அதோடு சரி. அரசியல், மதம், மது, புகை, இந்தக் காலத்து நிஜத் துப்பாக்கி எதற்கும் இடமில்லை. வோட்டுப் போடுகிறவர்களையும் சும்மா விடுவதில்லை. இதற்கு என்ன விலை கொடுப்பீர்கள், எத்தனை வாங்குவீர்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டுதான் வோட்டை ஏற்றுக்கொண்டார்கள். வியாபாரி வியாபாரிதான். காசு செலவழித்துச் செய்ய வேண்டிய சந்தை விசாரணையை, ரசிகர்கள் சந்தோஷமாக இலவசமாகச் செய்து கொடுத்துவிடுகிறார்கள்.

இத்தனையும் தாண்டி வந்தால்? கதவு திறக்கிறது என்று நினைத்தால் அதுதான் இல்லை. வாசற்படிதான் வந்திருக்கிறது. வருஷத்துக்கு மூன்று தவணையாக, பத்தாயிரம் பெற்றவற்றை மொத்தமாக எடுத்து, கம்பெனியின் வடிவமைப்பாளர்களும் விற்பனைக்காரர்களும் அடங்கிய ஒரு குழு பல மாதங்கள் உட்கார்ந்து பரிசீலிக்கிறது. கட்டினால் நிற்குமா, குழந்தை கையில் ஆபத்தில்லையா, விலை கட்டுப்படியாகுமா, சினிமாக் கம்பெனியிடம் உரிமை கிடைக்குமா, நாமே ரகசியமாகத் தயாரித்துக்கொண்டிருக்கிற ஒன்றோடு மோதுமா என்று அவர்கள் பார்க்க வேண்டியது பல உண்டு. பெரும்பாலான தவணைகளில் தேறுகிறவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

இதை மோசடி என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜனங்கள் தீர்ப்புச் சொன்ன பிறகு கமிட்டி எதற்கு என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்தாயிரம் பேர் ஒன்றை விரும்பலாம். அதை முழுக்கப் பொறுப்பேற்றுச் செய்து முடிக்கிறவர்கள் நாலைந்து பேராகத்தான் இருக்க முடியும். வாசகர் கடிதங்களை எண்ணித் தொடர்கதை போடுகிற ஆசிரியர் இரண்டு வருஷத்தில் பத்திரிகையைக் கெடுத்துவிடுவார். கமிட்டி இருக்கட்டும். அது எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

அப்படிப் பார்க்கிறபோது எனக்குப் பிடித்தவை ஒரே ஜாதியைச் சேர்ந்தவையாக இருக்கின்றன. 2015-ல் வந்த பறவைகள். செய்தவர் இங்கிலாந்தில் மரங்களில் ஏறிக் கிளை கழித்து வைத்தியம் பார்க்கிற தொழிலாளி. ராபின், நீல நிற ஜே, ஹம்மிங் பறவை என்று மூன்று. சதுரக் கட்டையில் பறவையின் நெஞ்சு வளைவைக் கொண்டுவருவது சுலபமான காரியமில்லை. தினம் மரத்தில் உட்கார்ந்து பக்கத்துக் கிளையைப் பார்த்த கண்ணுக்குத்தான் அது வரும். 2014-ல் வெளிவந்த செவ்வாய்க்கிரக வண்டி கியூரியாசிட்டியை வடிவமைத்தவர், அசல் வண்டியில் வேலை செய்த நாஸா எஞ்சினீயர்களில் ஒருவர். ஆறு சக்கரங்களும் மேடு பள்ளத்தில் தனித்தனியே ஏறி இறங்குகிற அந்தச் சூட்சுமத்தைப் பொம்மையிலும் விடாமல் வைத்திருக்கிறார். 2020-ல் வந்த பெரிய பியானோ ஒரு சீனப் பியானோ ஆசிரியருடையது. 3,662 துண்டுகள். சாவிகளை அழுத்தினால் உள்ளே சுத்தியல்கள் எழும்புகின்றன. 2019-ல் வந்த மரவீடு பிரான்ஸில் முடிதிருத்துகிற ஒருவருடையது. பச்சை இலைகளைக் கழற்றிவிட்டு இலையுதிர்காலத்துப் பழுப்பு இலைகளை மாட்டலாம். அந்த இலைகளைக் கரும்பிலிருந்து எடுத்த பிளாஸ்டிக்கில் வார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் கரும்பு அரவையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் செய்தியில் தனியாக ஒரு ருசி உண்டு.

மரமேறி, எஞ்சினீயர், வாத்தியார், நாவிதர். ஒவ்வொருவரும் தனக்குக் கையோடு கையாகப் பழகிப்போன ஒன்றைத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் முடிதிருத்துகிறவருக்கும் மரவீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்த மட்டில் என் சித்தாந்தம் நொண்டுகிறது. இருந்தாலும் மற்ற மூன்றையும் பற்றி நான் சொல்வது சரி. சந்திரனுக்குப் போன ஸாடர்ன் ராக்கெட்டின் வடிவம் 2017-ல் வந்தது. அதில் துண்டுகள் சரியாக 1969. மனிதன் சந்திரனில் கால் வைத்த வருஷம். நாவலில் இப்படி ஒன்றை வைத்தால் செயற்கை என்று விமரிசகர் அடித்துவிடுவார். பொம்மையில் அது அழகாகத்தான் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில், சினிமாவையும் டெலிவிஷன் தொடரையும் நம்பி வந்தவை வரிசையாக நிற்கின்றன. 2013-ல் கால யந்திரக் கார், 2014-ல் பேய் பிடிக்கிறவர்களின் கார், இன்னும் பல. கைத்திறன் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இவற்றை வாங்குகிறவர் கட்டையை வாங்கவில்லை, தம் பால்யத்தை வாங்குகிறார். பழைய வெற்றிப் படத்தின் பாட்டைப் புதுப்படத்தில் நுழைத்தால் கைதட்டல் கிடைக்கிறது அல்லவா, அந்தக் கைதட்டல்தான் இது.

நடுவில் நிற்பவை இரண்டு, இரண்டுமே பெண்களைப் பற்றியவை. 2014-ல் ஸ்வீடனில் வேலை பார்த்த ஒரு புவிவேதியியல் விஞ்ஞானி, ஆராய்ச்சிசாலையில் வேலை செய்யும் மூன்று பெண் பொம்மைகளை அனுப்பித் தேர்வாகிவிட்டார். எலும்புக்கூட்டை ஆராய்கிறவள் ஒருத்தி, நட்சத்திரம் பார்க்கிறவள் ஒருத்தி, ரசாயனக்காரி ஒருத்தி. கடையில் வந்த சில நாளிலேயே விற்றுத் தீர்ந்தது. பெட்டி சின்னது, வேலைப்பாடு சாமானியம். ஆனால் இத்தனை வருஷமாக இது ஏன் கடையில் இல்லை என்று வாங்கினவர்களைக் கேட்க வைத்தது. கம்பெனியின் சொந்த ஆட்களுக்குத் தோன்றாததை வெளியாள் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. இந்த ஏற்பாட்டுக்கு இதைவிடப் பெரிய நியாயம் வேண்டியதில்லை. 2017-ல் வந்த நாஸாவின் பெண்கள் என்ற தொகுப்பில் அனுப்பினபோது ஐந்து பேர் இருந்தார்கள். கடைக்கு வந்தபோது நான்கு. கணித மேதை காதரின் ஜான்ஸன் இல்லை. உயிரோடிருக்கிறவர்களைப் பாத்திரமாக்கினால் அவர்கள் சம்மதம் வேண்டும். நாவலாசிரியர்களுக்கும் இந்தத் தொல்லை தெரியும்.

இனி என் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். நிராகரிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நிராகரிக்கிற முறையில்தான் ஆட்சேபம். கூஸோ காலத்தில் ஒன்றை மறுத்தால் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிணங்கள் நடமாடுகிற ஒரு சினிமாவில் வருகிற சாராயக்கடையை 2012-ல் மறுத்தபோது, எங்களுடைய வயதினருக்கு இது ஏற்றதல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். சண்டைக்கு வந்தவர்கள்கூட முடிவைப் புரிந்துகொண்டார்கள். பிற்பாடு அந்த வழக்கம் நின்றுவிட்டது. இன்னின்னவை தேறின என்று மட்டும் அறிவிப்பு; மற்றவை ஏன் தேறவில்லை என்பதற்குப் பதில் கிடையாது. 2021-ன் முதல் தவணையில் பத்தாயிரம் பெற்று வரிசையில் நின்றவை 57. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மனிதரின் இரண்டு வருஷம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் எழுதாமல் திரும்பி வந்த கையெழுத்துப் பிரதியைத் தபால்காரனிடம் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் வலி தெரியும். வியாபார ரகசியம் என்கிறார்கள். ரகசியம் சிலவற்றில் இருக்கலாம், அத்தனையிலுமா?

மௌனத்தால் சந்தேகம்தான் வளருகிறது. ஸெல்டா என்ற பிரபலமான விளையாட்டை வைத்து ரசிகர்கள் பல வருஷங்களாக வடிவங்கள் அனுப்பினார்கள். பத்தாயிரம் பெற்றவையும் ஒன்றுக்கு மேல் உண்டு. ஒன்றும் தேறவில்லை. 2022-ல், இனிமேல் ஸெல்டா சம்பந்தமாக எதையும் ஏற்கமாட்டோம் என்று அறிவிப்பு வந்தது. 2024-ல் கம்பெனியே அந்த விளையாட்டில் வரும் பெரிய மரத்தை 2,500 துண்டுகளில் வெளியிட்டது. சட்டப்படி இதில் குற்றமில்லை. அந்த ஸெல்டா யார் சொத்தும் என்று கேட்டால் ரசிகர் சொத்து இல்லைதான். ஆனால் கேட்டுக் கேட்டுச் சந்தையைத் தயார் செய்து கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கலாம்.

தேறாதவற்றுக்கு ஒரு புனர்ஜன்மம் ஏற்பட்டதையும் சொல்ல வேண்டும். 2019-ல் பிரிக்லிங்க் என்ற சந்தையைக் கம்பெனி வாங்கியது. 2021-ல், பத்தாயிரம் பெற்றும் மறுக்கப்பட்ட சிலரை அழைத்து, அவர்கள் வடிவத்தை முன்பணச் சந்தா முறையில் விற்க வழிசெய்தது. 3,000 பேர் பணம் கட்டினால் தயாராகும், இல்லாவிட்டால் இல்லை. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கோட்டை அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஆனந்தமாக வோட்டுப் போடுகிறவனும் கையைப் பைக்குள் விடுகிறவனும் ஒரே ஆளா என்பதை இதில் உடனே கண்டுகொள்ளலாம். என் அபிப்பிராயத்தில் முதல் ஏற்பாட்டைவிட இது யோக்கியமானது, கொஞ்சம் கறார் என்றாலும்.

தேறினவருக்கு என்ன கிடைக்கிறது? நிகர விற்பனையில் நூற்றுக்கு ஒன்று, பத்துப் பெட்டிகள், செய்முறைப் புத்தகத்தில் படமும் சில வரிகளும். நம் ராயல்டியோடு ஒப்பிட்டு அந்த ஒன்றைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. அவர்கள் விற்கிற அளவு வேறு. வடிவமும் அப்படியே அச்சாவதில்லை. பில்லுண்டிலுள்ள சம்பளக்கார வடிவமைப்பாளர் அதை எடுத்துப் பிரித்து, கழன்று விழுகிற இடங்களைக் கெட்டிப்படுத்தி, சில சமயம் அடையாளம் தெரியாமல் மாற்றிவிடுகிறார். நல்ல எடிட்டர் கிடைத்தால் பாக்கியம்.

இந்தப் பெட்டிகளில் 2021-ல் வந்த டைப்ரைட்டரை மட்டும் நான் கையால் தொட்டுப் பார்த்தேன், ஒரு நண்பர் வீட்டில். அனுப்பினவர் ஒரு பிரிட்டிஷ் ரசிகர். கம்பெனியை ஆரம்பித்த தச்சர் உபயோகித்த பழைய மெஷினைப் பார்த்துப் பில்லுண்டில் திருத்தியிருக்கிறார்கள். 2,079 துண்டுகள். சாவியை அழுத்தினால் நடுவில் கம்பி எழும்பித் தாளைத் தொடுகிறது, வண்டி ஒரு படி நகர்கிறது. ஒரு எழுத்துக்கூட விழாது. புத்தகத்தின் முதல் பக்கங்களில் அந்த ரசிகரின் படம் இருந்தது. நண்பரின் பிள்ளை அதைத் தாண்டி நேராக முதல் படிக்குப் போய்விட்டான். நான் திருப்பி வாங்கிப் படித்தேன்.