எண்பது ஆண்டுத் தாளுக்கு எழுபது மதிப்பெண்

கமுந்திங், தைப்பிங் வட்டாரத்தில் தோட்டப்புறத்திலிருந்து பெயர்ந்துவந்த குடும்பங்கள் பலவற்றில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். வீட்டுப் பெரியவர் காலமான பிறகுதான் அது அலமாரி மேலிருந்து கீழே இறங்கும். ரப்பர் பேண்டு போட்ட ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டுகள், ராஜா தலை போட்ட சில வெள்ளிக்காசுகள், நாலு மூலையுள்ள ஒரு காசு செம்புகள், எதற்கென்று யாருக்கும் தெரியாத சில கூப்பன்கள். பேரப்பிள்ளைகளில் ஒருவர் அதைப் போனில் படம்பிடித்து, சேகரிப்பாளர் யாரிடமாவது காட்டி, "எவ்வளவு போகும்?" என்று கேட்பார். இன்று வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "கிரேடிங்குக்கு அனுப்புங்கள்."

இந்தப் பதில் வியாபாரத்தில் வேதவாக்காகிவிட்டது. நோட்டையோ காசையோ அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினால் அவர்கள் பரிசோதித்து, 70க்கு இத்தனை என்று எண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடி முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். காசுகளுக்கு 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் வந்த என்ஜிசி, நோட்டுகளுக்கு 2005இல் வந்த பிஎம்ஜி. பேஸ்பால் அட்டைகளுக்கு 1991 முதல் பிஎஸ்ஏ இதே வேலையைச் செய்கிறது; அங்கே எண் பத்தோடு முடியும். முறை நல்லதுதான். ஆனால் நம் டின்னில் கிடப்பவற்றுக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை யாரும் நிதானமாகச் சொல்வதில்லை.

முதலில் நன்மையைச் சொல்லிவிடலாம். பழம்பொருள் வியாபாரத்தில் வாங்குபவனுக்கு எல்லாம் தெரியும், விற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. டின்னோடு போய் நிற்கும் பேத்திக்கு ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட 1941ஆம் ஆண்டு மலாயா நோட்டும் வாழைமர நோட்டும் ஒன்றுதான், இரண்டும் பழசு. கடைக்காரர் ஒரு பார்வையிலேயே பிரித்துவிடுவார், வாய் திறக்கமாட்டார். மூன்றாம் ஆள் ஒருவர் போட்ட எண் இருந்தால் இந்தக் கண்ணாமூச்சி ஓரளவு அடங்கும். கமுந்திங்கில் உட்கார்ந்துகொண்டே சிங்கப்பூரில், லண்டனில் இருப்பவருக்கு விற்கலாம். அவர் நோட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. போலிகளையும் கழித்துவிடலாம். வாழைமர நோட்டுக்கு நினைவுப்பொருளாக அச்சடித்து விற்கும் நகல்கள் உண்டு, அவை கைமாறிக் கைமாறி அசலோடு கலந்துவிடுகின்றன. கழுவி, இஸ்திரி போட்டு, கிழிசலை ஒட்டிப் புதுசுபோல் ஆக்கிய நோட்டுகளை வெறும் கண்ணால் கண்டுபிடிப்பது எனக்கும் உங்களுக்கும் ஆகாத காரியம்.

இனி அந்த எண்ணைப் பார்ப்போம். எழுபது என்ற அளவுகோலை 1949இல் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். மனித உடம்பை மூன்று வகையாகப் பிரித்து எண் போட்டவரும் இவரே. அமெரிக்காவின் ஆரம்பகாலப் பெரிய செம்புச் சென்ட் காசுகளுக்காக அவர் செய்த கணக்கு எளிது: எழுத்து தேய்ந்து அடையாளம் மட்டும் தெரிகிற காசுக்கு ஒரு டாலர் என்றால், அப்பழுக்கில்லாத காசுக்கு எழுபது டாலர். எண் பிறந்ததே விலை விகிதமாகத்தான். அந்த விலைகள் சில ஆண்டுகளில் மாறிப்போயின, எண் மட்டும் நின்றுவிட்டது. இன்று அதைத் தெர்மாமீட்டர் அளவுபோல் படிக்கிறார்கள். ஷெல்டன், அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தொகுப்பிலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, மட்டமானவற்றை அந்த இடத்தில் வைத்திருந்தார் என்பது அவர் இறந்த பிறகு தெரியவந்தது. அளவுகோலின் குற்றம் இல்லை என்றாலும், தரம் என்பதை அந்தத் துறைக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று தெரிந்திருப்பது நல்லது.

எண் தவறாதா என்றால், தவறும். பேஸ்பால் அட்டைகளில் பேர்போனது 1909க்கும் 1911க்கும் இடையில் சிகரெட் பெட்டியோடு வந்த ஹோனஸ் வாக்னர் அட்டை. பிஎஸ்ஏ தொடங்கியபோது முதன்முதல் தரமிட்டது அப்படியொரு வாக்னர் அட்டையைத்தான். கொடுத்த எண் 8. அந்த எண்ணைத் தாங்கிய அட்டை 2007இல் 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2013இல், மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, அந்த அட்டையின் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதாகச் சொன்னார். அட்டையின் ஓரத்தை வெட்டுவது இந்தத் துறையில் மகாபாவம்; வெட்டிய அட்டைக்கு எண்ணே கிடைக்கக்கூடாது. முதல் உறையிலேயே சறுக்கியிருக்கிறார்கள். இதனால் கிரேடிங் முழுவதும் ஏமாற்று என்று ஆகிவிடாது. உறைக்குள் இருக்கும் எண், பழகிய கண் ஒன்றின் அபிப்பிராயம், அவ்வளவுதான். எண் பிடிக்காவிட்டால் உறையை உடைத்து மறுபடி அனுப்பி வேறு எண் வாங்குகிற பழக்கம் அந்த வியாபாரத்தில் ஊறிப்போன ஒன்று என்பதிலிருந்தே இது தெரியும்.

நம் ஊர்க்கதைக்கு வருவோம். ஜப்பானியர் மலாயாவில் வெளியிட்ட நோட்டுகளில் பத்து வெள்ளியில் வாழைமரம் இருந்ததால் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தப் பெயர் வந்தது, மலாய்க்காரர்களுக்கு டூயிட் பீசாங். ஒரு காசிலிருந்து ஆயிரம் வெள்ளிவரை உண்டு. எழுத்து வரிசை எம் என்று தொடங்கும், மலாயாவுக்கு அது அடையாளம். பர்மாவுக்குப் பி (B), பிலிப்பைன்ஸுக்குப் பீ (P) என்று தனித்தனி. தாளின் முகத்தில், கேட்டவுடன் தருவதாக ஜப்பானிய அரசாங்கத்தின் வாக்குறுதி ஆங்கிலத்தில் இருக்கும். 1945இல் வந்த நூறு வெள்ளி நோட்டில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்யும் ஆட்களின் படமே உண்டு. அதே ஆண்டு ஆயிரம் வெள்ளியில் மாட்டு வண்டி. நோட்டு கட்டுக்கட்டாக அச்சாக, அரிசி விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் வந்தவுடன் இந்தக் காகிதம் செல்லாது என்று அறிவித்தது, மாற்றித் தரவும் இல்லை. மூன்றரை ஆண்டுக் கூலி ஒரே நாளில் வெறும் தாளானது. சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பி வந்தவர்களின் வீடுகளிலும் இதே கட்டுதான் இருந்தது.

செல்லாததால்தான் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை விற்கப்போகிறவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மதிப்புள்ள பணமாக இருந்திருந்தால் செலவாகி, வங்கிக்குப் போய், எரிந்திருக்கும். எண்ணிக்கையில் ஏராளம், அதிலும் பிரிக்காத புதுக்கட்டுகளாகக் கிடந்தவை ஏராளம். ஆகவே பாட்டி கையாண்டு, மடித்து, முந்தானையில் முடிந்துவைத்த பத்து வெள்ளி நோட்டு, யாருமே தொடாமல் கட்டிலேயே இருந்த நோட்டோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. நம் வட்டாரமும் காகிதத்துக்கு விரோதி. தைப்பிங் மலையடிவாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை. டின்னுக்குள் எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் பழுப்புப் புள்ளி விழும், பேப்பர் கிளிப் துருப்பிடித்துக் கறை விடும். இப்படிப்பட்ட நோட்டுக்கு இருபது, முப்பது என்று எண் வந்தால் நியாயம்தான், தேய்மானம் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் ஒரு சாதாரண வாழைமர நோட்டு சந்தையில் சில வெள்ளி பெறும். அதை அமெரிக்காவுக்கு அனுப்பித் தரமிட்டு வாங்கக் கட்டணம், அஞ்சல், காப்புறுதி எல்லாம் சேர்த்து ஒரு தாளுக்கு நூறு வெள்ளியைச் சாதாரணமாகத் தொட்டுவிடும். இந்தக் கணக்கைச் சொல்லாமல் "அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்வதை நல்ல ஆலோசனை என்று எப்படி ஏற்பது?

காசுகளின் பாடு இன்னும் மோசம். ஏழாம் எட்வர்டு தலை போட்ட வெள்ளி டாலர்கள் 1903, 1904இல் 26.95 கிராம் எடையில் வந்தன. 1907 முதல் 20.21 கிராமாகக் குறைத்தார்கள். இரண்டிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. நம் வீடுகளில் இவற்றுக்கு வளையம் பற்றவைத்துக் கழுத்திலும் அரைஞாணிலும் கோத்தார்கள். பற்றவைத்த காசு சேகரிப்பாளர் கணக்கில் பழுதான காசு. கிடைப்பது பெரும்பாலும் உருக்கும் விலைதான். வளையம் போடாததைப் பொங்கலுக்குப் பொங்கல் புளிபோட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்திருப்பார்கள். தேய்த்த காசுக்கு கிரேடிங் நிறுவனங்கள் எண்ணே தராமல், "சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதித் திருப்பிவிடும். விற்கும் எண்ணம் இருந்தால் தேய்க்காதீர்கள் என்பதுதான் இந்தத் துறை நமக்குச் சொல்லக்கூடிய பயனுள்ள ஒரே வரி. அதைச் சொல்ல எந்த நிறுவனத்துக்கும் கட்டணம் கட்ட வேண்டாம்.

கிரேடிங்குக்கு எதிர்த்திசையில் இருப்பது லோட் வியாபாரம், அதாவது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்பது. ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையான பாசார் காராட்டிலும் சரி, தைப்பிங் கடைகளிலும் சரி, டின்னைத் திறந்தவுடன் கடை முதலாளியான தவுக்கே கேட்கும் முதல் கேள்வி, "மொத்தமாகவா?" என்பதுதான். கவனித்துப் பார்த்தால், அவர் கட்டை வேகமாக விசிறிப் பார்ப்பார், கண் ஒரே இடத்துக்குப் போகும்: நோட்டில் எழுத்து மட்டும் இருக்கிறதா, எழுத்தோடு இலக்க வரிசையும் இருக்கிறதா. ஜப்பானியர் தொடக்கத்தில் ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி நோட்டுகளுக்கு வரிசை எண் போட்டார்கள். பிறகு அதை விட்டுவிட்டு எழுத்து மட்டும் அச்சடித்தார்கள். எண் உள்ளது மற்றதைவிடப் பல மடங்கு பெறும். நாற்பது நோட்டில் அப்படி இரண்டு இருந்தால் லோட் விலையே அந்த இரண்டுக்குத்தான். மீதி முப்பத்தெட்டு தவுக்கேக்கு இலவசம். இதற்காக அவரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. விற்காத முப்பத்தெட்டை வருஷக்கணக்கில் அடுக்கிவைத்திருப்பவரும் அவர்தானே. விற்பவருக்கும் ஒரே நாளில் காசு, அண்ணன் தம்பிக்குள் பங்கு பிரிப்பது சுலபம். லோட் முறையின் உண்மையான கோளாறு, விலை எதன்மேல் நிற்கிறது என்பதை விற்பவருக்குத் தெரியாமல் வைத்திருப்பதுதான். அது தெரியாதவரை பேரம் என்று ஒன்று நடப்பதே இல்லை.

கிரேடிங்குக்கும் லோட்டுக்கும் நடுவில் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, தரம் பிரித்தல். ஒரு மாலைப்பொழுது போதும். வரிசை எண் உள்ள ஜப்பான் நோட்டுகள் தனி. ஆறாம் ஜார்ஜ், எலிசபெத் ராணி படம் உள்ளவை தனி. எருமை பூட்டி உழும் படம் போட்ட 1961ஆம் ஆண்டுப் பத்து வெள்ளி தனி. பேங்க் நெகாரா 1967இல் வெளியிட்ட முதல் வரிசை நோட்டுகளில் எண்ணுக்கு முன் இசட் எழுத்து இருந்தால் அது பழுதான நோட்டுக்கு மாற்றாக அச்சிட்டது, அதையும் ஒதுக்குங்கள். 1999 ஜூலை 1 முதல் செல்லாது போன 500, 1,000 வெள்ளி நோட்டு யாராவது மறந்துபோய் வைத்திருந்தால், இன்று அதற்கு முகமதிப்பைவிடக் கூடுதலாகத் தர ஆள் உண்டு. இப்படி ஒதுக்கியதில் மடிப்பு விழாத, நல்ல நிலையில் உள்ள இரண்டு மூன்றை மட்டும் கிரேடிங்குக்கு அனுப்புவதில் கணக்கு உதைக்காது. விலை பார்க்கும்போது, இணையத்தில் ஒருவர் எழுதி வைத்திருக்கும் விலையை விட்டுவிட்டு, ஏலத்தில் முடிந்த விலையைப் பாருங்கள். வாழைமர நோட்டு ஒன்றுக்கு ஐயாயிரம் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம்; வாங்க ஆள் வந்தால்தான் அது விலை.

அந்தக் கூப்பன்களை மறந்துவிடவில்லை. 1934இல் ரப்பர் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வந்த பிறகு, சிறுதோட்டக்காரர்கள் இவ்வளவுதான் விற்கலாம் என்று கட்டி, பிக்குல் கணக்கில் கூப்பன் கொடுத்தார்கள். பால்மரம் வைத்திருந்தவன் கூப்பன் இல்லாமல் ரப்பர் விற்க முடியாது. கூப்பனையே கைமாற்றி விற்றுப் பிழைத்தவர்களும் உண்டு. நோட்டுச் சேகரிப்பாளர்களில் ஒரு சிலர் இதையும் தேடுகிறார்கள். ஆனால் கூப்பனும், கூலிச்சீட்டும், செல்லாத நோட்டும் ஒரே டின்னில் ஒரே குடும்பத்தோடு இருந்தது என்பதற்குச் சந்தையில் விலைப்பட்டியல் கிடையாது. கிரேடிங் உறை ஒன்றை மட்டும் எடுத்து மூடும், லோட் வியாபாரி நல்லதை எடுத்துக்கொண்டு மீதியைக் கலைப்பார். இரண்டு முறையிலும் அடிபடுவது இந்தச் சேர்க்கைதான். பிரிக்கும் முன் டின்னில் இருந்த வரிசையிலேயே எல்லாவற்றையும் படம் எடுத்து, யாருடையது, எந்தத் தோட்டம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டால் அரைமணி நேரச் செலவு. விலை கூடுமா என்றால், பெரும்பாலும் கூடாது; பேர்பெற்றவர் பொருளுக்குத்தான் பூர்வீகம் பணமாகும்.

விற்பதில் எனக்கு நியாயமாகப் படுவது கமிஷன் ஏற்பாடு. பிரித்து வைத்த நல்லவற்றை வியாபாரி விற்றுத் தருகிறார், விற்ற விலையில் அவருக்குச் சதவீதம். நல்ல விலைக்கு விற்றால் இருவருக்கும் லாபம் என்பதால் அவர் பொருளை மறைக்கத் தேவையில்லை. எதை ஒப்படைத்தோம் என்று எண்ணோடு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இதன் பலவீனம் காலம்தான். மூன்று மாதம், ஆறு மாதம் இழுக்கும். கருமாதிச் செலவுக்குக் கடன் வாங்கிய வீட்டில் அத்தனை நாள் யாரும் காத்திருப்பதில்லை. அந்த அவசரத்துக்கு மேலே சொன்ன எந்த முறையும் விடை சொல்வதில்லை, லோட் வியாபாரி ஒருவரைத் தவிர. அதனால்தான் கிரேடிங் உறைகள் இத்தனை வந்த பிறகும் "மொத்தமாகவா?" என்ற கேள்விக்கு இன்னும் ஆள் இருக்கிறது.