மடத்துவெளிக் கடையும் முயற்சியாண்மைப் பாடமும்

வியாபார நிர்வாக முதுமாணிக் கற்கைநெறிகளில் முயற்சியாண்மையும் புத்தாக்கமும் இன்று தவறாது இடம்பெறும் பாடங்களாகிவிட்டன. இவற்றின் வயது அதிகமன்று. ஹாவாட் வணிகக் கல்லூரி 1908இல் நிறுவப்பட்டது. எனினும் புதிய தொழில்களைத் தொடங்குவது பற்றிய முதலாவது பாடத்தை அங்கு மைல்ஸ் மேஸ் நடத்தியது 1947இலேயே. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய இளைஞர் பலர், பிறர் நிறுவிய கம்பனிகளில் மேலாளராவதோடு அமையாது தாமே தொழில் தொடங்க விரும்பிய காலம் அது. அங்கு தோன்றிய பாடம் பிற்காலத்தில் உலகெங்கும் பரவியது. இலங்கைப் பல்கலைக்கழகங்களும் அதனை ஏற்றுக்கொண்டன.

தமிழிலக்கிய மாணவரும் இப்பாடத்தைக் கவனிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இது பெரிதும் கதைகளாற் கற்பிக்கப்படுவது. விடய ஆய்வு எனப்படும் அக்கதைகள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. முடிவெடுக்கவேண்டிய தறுவாயில் ஒருவர் தனியே நிற்பார், கையிருப்பு குறைந்திருக்கும், போட்டியாளர் நெருங்கிக்கொண்டிருப்பர், ‘நீர் அவராயிருப்பின் யாது செய்வீர்?’ என்று மாணவரிடம் வினவப்படும். ஒப்பற்ற தலைவன் ஒருவனை வேண்டி நிற்கும் காப்பிய இலக்கணத்தைத் தண்டியலங்காரத்தில் கற்றவருக்கு இவ்வடிவம் புதியதாகத் தோன்றாது. நகரச் சிறப்பும் பருவ வருணனையும் இல்லாத சிறு காப்பியங்கள் இவை எனலாம். இலக்கிய வடிவம் எதுவும் தான் சொல்ல வந்ததைச் சொல்லும்போதே வேறு சிலவற்றைச் சொல்லவொட்டாது தடுக்கவும் செய்யும். இவ்வடிவம் எவற்றைத் தடுக்கின்றது என்பதை யாழ்ப்பாணத் தீவுப்பகுதியின் வணிகரை வைத்துப் பார்ப்பது பயனுடையது.

புங்குடுதீவின் வட்டாரங்களுள் மடத்துவெளியும் ஒன்று. முருகன் கோயிலும் கமலாம்பிகை வித்தியாலயமும் அதன் அடையாளங்கள். தீவின் கிணறுகளிற் பல உவர்நீருக்குரியவை. நெல் மழையை நம்பியது. பனையும் கடலும் தந்தவற்றைக்கொண்டு பெருகிய குடும்பங்களைத் தாங்க முடியவில்லை. ஆகவே புங்குடுதீவார் கொழும்புப் புறக்கோட்டைக்கும் தென்னிலங்கை நகரங்களுக்கும் மலையகத்துக்கும் சென்று கடை வைத்தனர். பலசரக்கும் சைவ உணவும் சுருட்டும் விற்றனர். யாழ்ப்பாணத்துச் சுருட்டு விற்ற கடை சிங்களப் பேச்சிலும் சுருட்டுக்கடையாகவே வழங்கிற்று. ‘கடையில் நிற்கிறான்’ என்ற தொடர் ஊரில் ஒரு தொழிற்பெயராகவே வழங்கியது. உறவினர் ஒருவரின் கடைக்குச் சிறுவனாகச் சென்றவன் அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி, நிறுவையும் கணக்கும் சிங்களமும் பழகி, சில ஆண்டுகளின் பின் பங்காளியாகவோ வேறு சந்தியில் தனிக்கடைக்காரனாகவோ ஆவான். பின்னர் அவன் கடைக்கு ஊரிலிருந்து இன்னொரு சிறுவன் வருவான்.

இக்கடைக்காரரைப் பாடநூல்கள் எவ்விடத்தில் வைக்கும்? சும்பீற்றர் 1911இல் வெளியிட்ட பொருளாதார வளர்ச்சிக் கோட்பாட்டில் புத்தாக்கத்துக்கு ஐந்து வழிகளைக் குறிப்பிடுவர்: புதிய பண்டம், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, மூலப்பொருளுக்குப் புதிய ஊற்று, புதிய அமைப்பு. வகுப்பறையில் முதலிரண்டுமே பெரிதும் பேசப்படுகின்றன. புத்தாக்கம் என்றதும் இயந்திரமும் கணினிச் செயலியும் நினைவுக்கு வருவது அதனாலேயே. சுருட்டு புதிய பண்டமன்று. அதனைச் சுற்றும் முறையும் பழையது. ஆனால் வடக்கின் விளைபொருளுக்குத் தெற்கின் சிறுநகரங்களில் நிலையான சந்தை உண்டாக்கியமையும், வங்கியோ பயிற்சிக்கூடமோ இன்றிக் கடையிலிருந்து கடை கிளைக்கும் ஓர் அமைப்பை உண்டாக்கியமையும் சும்பீற்றரின் மூன்றாம் ஐந்தாம் வகைகளுட் சந்தேகத்துக்கு இடமின்றி அடங்கும். தொழில் நிலைபெற்று, அதனை நடத்துவோராக அமைந்துவிட்டவரைச் சும்பீற்றர் முயற்சியாளர் என்று கருதமாட்டார் என்பதும் கவனத்துக்குரியது. அவ்வகையில் தன் கடையை நிலைநிறுத்திய முதலாளி அவரது ஏட்டிலிருந்து வெளியேறிவிடுவார்; இன்னொருவனைத் தொழிலுக்கு ஆக்கிவிட்டமைக்கு அவருக்கு அங்கே கணக்கில்லை.

மடத்துவெளிக்கு மிக அண்மையில் வரும் கோட்பாடு சரஸ் சரஸ்வதி 2001இல் முன்வைத்தது. ஹேபேட் சைமனின் வழிகாட்டலில் ஆய்வு செய்த இவர், தேர்ந்த தொழில் நிறுவுநர் இருபத்தெழுவரைச் சிந்தித்தபடியே பேசவைத்து அவர்தம் முடிவெடுக்கும் போக்கை ஆராய்ந்தார். அவர்கள் இலக்கை முதலில் வகுத்துக்கொண்டு வழி தேடுவோராகக் காணப்படவில்லை. தாம் யார், தாம் அறிந்தது யாது, தமக்குத் தெரிந்தவர் யாவர் என்ற மூன்றிலிருந்தே தொடங்கினர். எவ்வளவு இலாபம் வரும் என்பதைவிட எவ்வளவை இழந்தாற் தாங்கலாம் என்றே கணித்தனர். இதனை விளக்க அவர் எடுத்துக்கொண்ட கற்பனை உதாரணம் ஓர் இந்திய உணவகம் என்பது சுவையான செய்தி. பாடநூல் வழியிற் செல்பவர் சந்தையைக் கூறுபோட்டு ஆராய்ந்து முதல் திரட்டுவார். மற்றவர் தெரிந்த உணவகக்காரரைப் பங்காளியாக்குவார். அல்லது அலுவலகங்களில் வேலை செய்யும் நண்பருக்கு மதிய உணவு கொண்டுசென்று தொடங்குவார். புறக்கோட்டையிற் சாப்பாட்டுக்கடை வைத்த தீவார் எவரும் இதனைப் படித்திருந்தால், நடைமுறைக்கு ஒத்த பேச்சு என்று தலையசைத்திருப்பர். சந்தை ஆய்வு, ஐந்தாண்டுத் திட்டம் என்று மாணவரை அச்சுறுத்திய பழைய பாடமுறைக்கு இக்கோட்பாடு நல்லதொரு மாற்று.

ஆயினும் குறை அங்கேயே இருக்கின்றது. ‘தமக்குத் தெரிந்தவர்’ என்ற இருப்பு எங்கிருந்து வந்தது என்பதை இக்கோட்பாடு கேட்பதில்லை. முயற்சியாளர் கண்விழிக்கும் காலையில் அது அலமாரியில் அரிசி பருப்புப் போல ஏற்கெனவே இருக்கின்றது. அவ்விருப்பைச் சேர்த்து வைத்தவர் யார், அதற்கு யார் விலை கொடுத்தார் என்பனவே மடத்துவெளியில் எழும் வினாக்கள்.

இதற்கு விடை தேடத் தேசவழமை உதவும். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707இல் தொகுத்து முடிக்கப்பட்ட அவ்வழமைச் சட்டம் யாழ்ப்பாணத்தாரின் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கின்றது. கடைக்காரன் சம்பாதித்தது தேடியதேட்டம். மணவாழ்வுக் காலத்தில் ஈட்டப்பட்டதாகையால் அதில் மனைவிக்கும் பாதி உரிமை உண்டு. இம்மூன்று சொற்களும் ஒரு தொழிலின் முதல் எங்கிருந்து வருகின்றது என்பதை வணிகப் பாடநூலின் ‘சொந்த முதல், கடன் முதல்’ என்ற பாகுபாட்டைவிடத் தெளிவாகச் சொல்கின்றன. மனைவியின் சீதன நகை அடகுக்குப் போய்க் கடைக்கு முதலாவது யாழ்ப்பாணக் குடும்பங்களில் அரிய செய்தியன்று. ஆண்டின் பெரும்பகுதி கணவன் தெற்கில் இருக்க, பிள்ளைகளையும் வயலையும் முதியோரையும் பார்த்தவள் அவள். கடைக்கு வந்த சிறுவன் அவளுடைய தம்பியாகவோ பெறாமகனாகவோ இருப்பதும் இயல்பு. பழைய வழமைச்சட்டம் இவளைப் பாதியளவேனும் பங்காளியாகக் கண்டது. விடய ஆய்வின் தலைவனுக்குப் பின்னால் அவளுக்கு ஒரு வரி கிடைப்பதுகூட அரிது.

சீட்டுப் பற்றிய ஆய்வும் இவ்வாறே ஓரிடத்திற் சறுக்கியது. இருபது பேர் மாதந்தோறும் சம தொகை கட்டி, அவசரமுள்ளவர் கழிவு கேட்டு முழுத்தொகையையும் எடுக்க, கழிவு மற்றையோருக்குப் பங்காவது யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த முறை. கிளிபட் கியற்ஸ் 1962இல் எழுதிய கட்டுரையில், இத்தகைய சுழற்கடன் குழுக்களைக் குடியானவப் பொருளாதாரத்துக்கும் வணிகப் பொருளாதாரத்துக்கும் இடையிலுள்ள ஒரு படி என்றார்; மக்கள் வங்கிப் பழக்கம் பெற்றதும் அவை தாமாகவே மறையும் என்று கருதினார். வங்கிகளுக்குப் பேர்போன சுவிற்சர்லாந்தில் வாழும் புலம்பெயர் தமிழரும் சீட்டைக் கைவிடவில்லை. வங்கி கேட்கும் பிணை வேறு, சீட்டுக்காரர் கேட்கும் பிணை வேறு என்பதை அப்பேரறிஞர் போதிய அளவு கவனிக்கவில்லை. சீட்டின் பிணை ஒருவர் இன்னாருடைய பிள்ளை என்பதே.

இவ்விடத்தில் மடத்துவெளி வணிகரைப் போற்றும் எழுத்துகளும் நின்று யோசிக்கவேண்டும். இன்னாருடைய பிள்ளை என்பதே பிணையாயின், அவ்வாறு ஏற்கப்படாதவருடைய பிள்ளைக்குக் கடன் யார் கொடுத்தார்? புங்குடுதீவின் எழுத்தாளர் மு. தளையசிங்கம், கண்ணகி அம்மன் கோயிற் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் நீரள்ளும் உரிமைக்காக 1971இல் முன்னின்று, பொலிசாரால் தாக்கப்பட்டுச் சிறை சென்றார். 1973இல், நாற்பது வயது நிரம்புமுன் மறைந்தார். குடிநீருக்கே இந்நிலை நிலவிய ஊரில் கல்லாப்பெட்டியின் அருகே யார் அமர்த்தப்பட்டனர் என்பதை ஊகிக்க ஆய்வுக்கருவி வேண்டியதில்லை. நம்பிக்கையால் இயங்கிய அதே வலை சாதியால் வேலியிடப்பட்டிருந்தது. கடையில் நிற்கும் வாய்ப்புக் கிட்டாதவன் கூலிக்கும் சீவலுக்கும் மீன்பிடிக்கும் விடப்பட்டான். அவனுக்குச் சாதனை ஊக்கம் போதாது என்று சொல்லவும் ஒரு கோட்பாடு உண்டு. 1960களில் ஆந்திரத்துக் காக்கிநாடாவின் வணிகர்க்கு அவ்வூக்கத்தைப் பயிற்சியால் ஏற்றிப் பார்த்தவர் மக்கிளெலண்ட். அப்பயிற்சிக்கு வந்தோர் ஏற்கெனவே வணிகராயிருந்தவர் என்பது கவனிக்கத்தக்கது. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் ஊக்கத்தை யாரும் அங்கு அளக்கவில்லை.

எஞ்சியிருப்பது இடர் பற்றிய அத்தியாயம். பிராங் நைற் 1921இல் கணிக்கத்தக்க இடரையும் கணிக்கவியலா நிச்சயமின்மையையும் பிரித்துக் காட்டி, பின்னதை ஏற்றுக்கொள்வதற்கான ஊதியமே இலாபம் என்றார். பொருளியலின் மிகச் சிறந்த சிந்தனைகளுள் ஒன்று இது. அவர் மனத்தில் இருந்தது சந்தையின் நிச்சயமின்மை. தென்னிலங்கைத் தமிழ்க் கடைக்காரர் 1958இலும் 1977இலும் 1983 யூலையிலும் கண்டது வேறு. கடையும் சரக்கும் ஒரே இரவில் எரிந்தன. காப்பாற்றவேண்டிய காவற்றுறை பல இடங்களிற் பார்த்து நின்றது. பலமுறை அடிபட்டும் திரும்பச் சென்று கதவு திறந்தோரின் துணிவு எந்த இலாப வீதத்தாலும் விளங்காது; கடன் கொடுத்தவரும் கடையில் நின்ற சிறுவரும் ஊரில் எதிர்பார்த்திருந்த குடும்பங்களும் அவர்களைத் திரும்ப அனுப்பினர் என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகின்றது. 1983க்குப் பின் பலர் திரும்பவில்லை. 1990களின் தொடக்கத்தில் போர் தீவையும் காலிசெய்தது. பாரிசிலும் ரொறன்ரோவிலும் சுவிற்சர்லாந்திலும் மீண்டும் கடைகள் எழுந்தன. மடத்துவெளியிற் பல வீடுகள் பூட்டியே கிடந்தன.

இன்றைய முதுமாணி மாணவர் ஒருவர் இவ்வரலாற்றை ஆய்வேடாக்க முற்பட்டால், வடிவம் அவரை வெற்றிபெற்ற ஒரு முதலாளியிடமே கொண்டுசெல்லும். முதலாளியும் தாம் வெறுங்கையோடு கொழும்புக்குப் போன கதையைச் சொல்வார். கடைகளின் பேரேட்டைப் படிப்பது அதனினும் நன்று. பேரேட்டில் தலைவன் இல்லை. பற்றும் வரவுமாகப் பெயர்களே உண்டு: சரக்குக் கொடுத்தவர், சீட்டுக் கட்டியவர், சம்பளத்தை வாங்காது கடையிலேயே விட்டுவைத்த பையன், அடகு மீட்கப்பட்ட நாள். எந்தெந்தக் குடும்பங்களின் பெயர் ஒருபோதும் வரவில்லை என்பதும் அதிலேயே தெரியும். அவற்றுட் பல 1983இல் கடைகளோடு எரிந்தன. எஞ்சியவை தேடப்படவேண்டும்; கடையில் நின்ற முதியோரிடமும், ஊரிலிருந்து வீட்டை நடத்திய அவர்தம் மனைவியரிடமும், கடைக்கு எடுக்கப்படாதவரிடமும் கேட்டு எழுதும் பணி அதைவிட அவசரமானது.