திரையின் எண்ணும் நூலின் எண்ணும்

பழந்தமிழ்ப் பதிப்புகளை நூலகத்தில் அமர்ந்து புரட்டிய நிலை மாறி, அவற்றை உலாவியிலேயே விரித்துப் படிக்கும் நிலை இன்று வந்துள்ளது. நூல்களை மின்வருடல் செய்து இணையத்தில் ஏற்றும் பணியை நாம் போற்றுகிறோம். ஆயின் அந்நூல்களை நம் கண்முன் காட்டும் கருவியின் இடைமுகத்தை ஆய்வுநெறியோடு பொருத்தி நோக்கியோர் குறைவே எனலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை ஆய்வேடு ஒன்றை மதிப்பிட நேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பு ஒன்றின் 57ஆம் பக்கத்திலிருந்து மாணவி ஒரு பகுதியை எடுத்தாண்டிருந்தார். என் கையிலிருந்த அச்சுநூலின் அப்பக்கத்தில் அது இல்லை. அடுத்த மூன்று மேற்கோள்களும் அவ்வாறே பொருந்தவில்லை. நூலைப் பாராமலே பார்த்ததாகக் காட்டியுள்ளார் என்று கடுமையாகக் குறிப்பெழுதினேன். பின்னர் ஐயுற்றுத் தேடியபோது அப்பகுதி 41ஆம் பக்கத்தில் இருந்தது. ஏனையவற்றிலும் வேறுபாடு சரியாக 16. மேலட்டை, தலைப்புப் பக்கம், சிறப்புப்பாயிரம், பதிப்புரை ஆகியவற்றையும் திரை சேர்த்து எண்ணியிருந்தது. மாணவி நேர்மையாகத் திரை காட்டிய எண்ணையே தந்திருந்தார். என் குறிப்பை நான் அடித்தேன். ஆனால் அச்சுநூல் கைவசம் இல்லாத தேர்வாளர் ஒருவர் என்ன செய்திருப்பார்?

இக்குறை தீர்க்க இயலாதது அன்று. மொசில்லா 2011இல் தொடங்கிய பி.டி.எஃப்.ஜேஎஸ் என்னும் காட்டி 2013இல் ஃபயர்ஃபாக்ஸ் 19ஆம் பதிப்பின் இயல்பான உறுப்பாயிற்று. கோப்பில் பக்கப் பெயர்கள் பதியப்பட்டிருப்பின், அது நூலின் எண்ணைப் பெட்டியிலும் கோப்பின் வரிசையெண்ணை அருகே அடைப்பிலும் காட்டுகிறது. பதியப்படாவிடின் வரிசையெண் மட்டுமே தோன்றும். அது வரிசையெண் என்ற எச்சரிக்கை இல்லை. ஆகவே பிழையில் ஒரு பாதி கோப்பை உருவாக்கும் நம்மவருடையது. இன்டர்நெட் ஆர்க்கைவின் நூற்காட்டியிலோ, அச்செண் உறுதிசெய்யப்படாத பக்கத்தின் முகவரியில் எண்ணுக்கு முன் 'என்' என்னும் ஆங்கில எழுத்து நிற்கும். அவ்வோரெழுத்தின் பொருளை அறிந்த மாணவர் எத்தனை பேர்? பழம்பதிப்புகள் பலவற்றில் பக்க எண்கள் தமிழ் எண்ணுருக்களில் அமைந்திருப்பது இச்சிக்கலை மேலும் வளர்க்கிறது.

தேடற்பெட்டி இதனினும் கவலைக்குரியது. மின்வருடப்பட்ட பக்கம் வெறும் படமே. எழுத்துணரி வாயிலாக எழுத்தடுக்கு ஒன்று சேர்க்கப்பட்டாலன்றி அதில் தேட இயலாது. பழைய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகளில், கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு வேறு குறிகளாக இருக்கும். இவ்விரு நிலையிலும் பி.டி.எஃப்.ஜேஎஸ் தரும் விடை ஒன்றே: சொற்றொடர் காணப்படவில்லை என்பது. சொல் நூலில் இல்லையா, தேடத்தக்க எழுத்தே கோப்பில் இல்லையா என்று அது பிரித்துச் சொல்வதில்லை. சொல்லடைவு ஆய்வில் 'இச்சொல் இந்நூலில் பயிலவில்லை' என்ற முடிவு இவ்வாறு எளிதில் பிறந்துவிடும்.

பக்கம் புரளும் அசைவு, பொத்தான்களின் வண்ணம் முதலியன எனக்குப் பொருட்டல்ல. நூலெண்ணும் கோப்பெண்ணும் தனித்தனிப் பெயருடன் எப்போதும் தோன்ற வேண்டும். எழுத்தடுக்கு இல்லாத கோப்பில் தேடற்பெட்டி அதனை முதலிலேயே அறிவிக்க வேண்டும். அதுவரை, என் மாணவர்கள் திரையில் படித்த நூலுக்கு இரு எண்களையும் அடிக்குறிப்பில் தர வேண்டும் எனக் கேட்டுக்கொண்டுள்ளேன். அடிக்குறிப்புகள் நீளுகின்றன என்று அவர்கள் முணுமுணுப்பது உண்மையே.