செவிலியர் பராமரிப்பில் மறைமுகப் பங்கீடு: சொல்லும் பொறுப்பும்

முன்னுரை

மருத்துவமனையில் நோயாளிகள் மிகுந்து செவிலியர் எண்ணிக்கை குறையும்போது, செய்யவேண்டிய பணிகளுள் சில செய்யப்படாமலே நின்றுவிடுகின்றன. இந்நிலையைச் சுட்ட ஆய்வுலகில் ‘விடுபட்ட பராமரிப்பு’, ‘மறைமுகப் பங்கீடு’ என்னும் இரு கலைச்சொற்கள் வழங்குகின்றன. இரண்டும் ஏறத்தாழ ஒரே நிகழ்வைக் குறிப்பினும், பொறுப்பை வெவ்வேறு இடங்களில் வைக்கின்றன.

விடுபட்ட பராமரிப்பு

அமெரிக்க ஆய்வாளர் பியாட்ரிஸ் காலிஷ் 2006இல் வெளியிட்ட ஆய்வு, வழக்கமாக விடுபடும் 9 பணிகளைப் பட்டியலிட்டது. நோயாளியை நடக்கச் செய்தல், புரட்டிப் படுக்கவைத்தல், உணவூட்டல், உடல் தூய்மை, மனத்துணை முதலியன அவற்றுள் அடங்கும். இவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. வேளைக்கு மருந்து கொடுக்கத் தவறினால் உடனே வினா எழும். புரட்டிப் படுக்கவைக்கத் தவறினால், அது படுக்கைப்புண்ணாகப் பின்னரே வெளிப்படும். எனவே, முதலில் கைவிடப்படுவது கணக்குக் கேட்கப்படாத பணியே எனலாம். காலிஷ் தரும் காரணங்களுள் ஆள் பற்றாக்குறையோடு செவிலியரின் பழக்கமும் இடம்பெறுகிறது. இரண்டையும் ஒரே வரிசையில் வைக்கும்போது, நிறுவனத்தின் குறை தனிமனிதரின் கவனக்குறைவாகத் தோன்றும் வாய்ப்பு உள்ளது. ‘விடுபட்ட’ என்னும் சொல்லும் அதற்குத் துணைபோகிறது.

மறைமுகப் பங்கீடு

சுவிட்சர்லாந்தில் மரியா ஷூபெர்ட் முதலானோர் கையாண்ட ‘மறைமுகப் பங்கீடு’ என்னும் சொல், பற்றாக்குறையையும் அதனால் நேரும் தெரிவையும் வெளிப்படையாக ஏற்கிறது. ஆயினும், ‘பங்கீடு’ என்பது தமிழில் நியாயவிலைக் கடையை நினைவூட்டும் சொல். அங்கு அளவு முன்னரே வரையறுக்கப்பட்டது, கிடைக்காதவர் முறையிடலாம். நார்மன் டேனியல்ஸ், ஜேம்ஸ் சாபின் ஆகியோர் நேர்மையான பங்கீட்டிற்கு வகுத்த நிபந்தனைகளுள் முடிவையும் அதன் காரணத்தையும் வெளிப்படுத்துதல், மேல்முறையீட்டிற்கு வழி ஆகியனவும் அடங்கும். படுக்கையருகே நிகழும் பங்கீட்டில் இவை இரண்டும் இல்லை. தனக்கு எது மறுக்கப்பட்டது என்பதையே நோயாளி அறியார்.

இங்கு ஒரு வேறுபாடு தேவை. மூச்சுத்திணறும் நோயாளியிடம் முதலில் செல்வது செவிலியரின் தொழிலறிவு; அது பணிகளை வரிசைப்படுத்துதல். வரிசையின் இறுதியில் உள்ளவருக்கு நாள்தோறும் ஒன்றும் எஞ்சாதிருப்பது பங்கீடு. அதனைத் தீர்மானிப்பது பணியிட எண்ணிக்கையை வகுக்கும் நிர்வாகம். அறச்சுமையைத் தாங்குவதோ செவிலியர்.

எண்ணிக்கையின் விளைவு

ஐரோப்பாவின் 9 நாடுகளில் லிண்டா எய்க்கன் குழுவினர் மேற்கொண்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுவது, அறுவை நோயாளிகளின் இறப்பு வாய்ப்பு 7 விழுக்காடு உயர்வதோடு தொடர்புற்றிருந்தது. கலிபோர்னியா 1999இல் சட்டமியற்றி, 2004 முதல் செவிலியர்–நோயாளி விகிதத்தை நடைமுறைப்படுத்தியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் 2 நோயாளிகளுக்கு 1 செவிலியர் என்பது அங்கு விதி. மறைவில் நிகழ்ந்த பங்கீட்டின் ஒரு பகுதியை இச்சட்டம் பொதுவெளிக்குக் கொணர்ந்தது. எனினும், எந்தப் பணி செய்யப்படவில்லை என்பதை விகிதம் மட்டும் காட்டாது.

முடிவுரை

‘விடுபட்ட’ என்னும் சொல் செவிலியரைக் குற்றவாளியாக்கக்கூடும். ‘பங்கீடு’ என்னும் சொல் முறையற்ற ஒன்றிற்கு முறையின் தோற்றம் அளிக்கக்கூடும். ஒவ்வொரு பணிவேளையிலும் செய்யப்படாத பணிகள் பதிவாகி, அப்பதிவிற்கு நிர்வாகம் விடையளிக்கும்போதுதான் ‘பங்கீடு’ என்னும் சொல் பொருத்தமுடையதாகும்.