எலும்புக்கூடுகளுக்கு 300 மீட்டர்

பழவேற்காடு பற்றி நான் வாசித்த பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் டச்சுக் கல்லறையின் வாசலோடு நின்றுவிடுகின்றன. இரண்டு பக்கமும் செதுக்கிய எலும்புக்கூடுகள், ஒரு செல்ஃபி, முடிஞ்சுபோச்சு. கல்லை மட்டுமே வரலாறு என்று நினைப்பதுதான் அந்த எழுத்தின் குறை. நம் சட்டமும் அப்படித்தான் நினைக்கிறது.

கல்லறை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010இல் திருத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி வாங்க வேண்டும். பக்கத்தில் அடுக்குமாடி எழும்பாமல் தடுக்க இது தேவைதான். ஆனா, டச்சுக்காரன் இங்கே ஏன் வந்தான்?

ஆரணியாறு வந்து கலக்கும் ஏரி, கடலுக்குத் திறக்கும் முகத்துவாரம், சுற்று வட்டார நெசவு. இதற்காகத்தான் வந்தான். 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினான். இங்கிருந்து துணி போனது. அடிமைகளாக மனிதர்களும் கப்பலேறினார்கள். மலாய்க்காரர்கள் இன்றும் ஒருவகைக் கைலியை ‘பெலிக்காட்’ என்கிறார்கள்; அது இந்த ஊர்ப் பேர்தான். கோட்டை இப்போது புதர் மூடிய மேடு. உயிரோடு மிஞ்சியிருப்பது தண்ணீரும் அதை நம்பிய மீனவர்களும். எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ம் மரபுதான். அதைச் சுற்றி யாரும் மீட்டர் அளக்கவில்லை.

தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்க அதானி குழுமம் திட்டம் வைத்திருக்கிறது. கல்லறையின் 300 மீட்டரை அது தொடவே தொடாது. ஆனால் இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் சுவர் நீண்டால் மணல் அங்கேயே தேங்கும், வடக்கே கரை அரிக்கும். மீனவ ஊர்கள் பயப்படுவது இதற்குத்தான். கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் தள்ளிவைக்கப்பட்டது.

ஆற்றங்கரை ஊர் ஒன்றைக் காப்பது என்றால் கட்டடத்தின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது; ஆற்றையும் பார்க்கணும். அடுத்து பழவேற்காடு பற்றி எழுதப்போகிறவர்கள் கல்லறையைப் பார்த்துவிட்டுப் படகுத்துறை வரைக்கும் நடங்க. முகத்துவாரம் திறந்திருக்கா, பாடு இப்போ யாருக்கு என்று கேளுங்க. அதையும் எழுதுங்க.