வற்றிய கிணறு கணக்கில் வருமா?

சேலம் சந்திப்பு இரயில் நிலையம் இருப்பது சூரமங்கலத்தில். அங்கிருந்து ஊர்ப்புறமாகச் சென்றால், பாறையைச் சதுரமாக வெட்டி இறக்கிய பழைய பாசனக் கிணறுகளைக் காணலாம். ஒரு காலத்தில் கவலை பூட்டி நீர் இறைத்த கிணறுகள் இவை. இன்று பலவற்றில் அடிப்பாறை தெரிகிறது. பக்கத்திலேயே ஆழ்துளைக் கிணற்றின் குழாய் நிற்கிறது. அக்கிணற்றுக்கு உரியவரிடம், "ஐயா, தென்னிந்தியாவில் நிலத்தடி நீர் பெருகி வருகிறதாம்" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார், அல்லது சினம் கொள்வார்.

ஆனால் அப்படித்தான் கூறியது ஓர் ஆய்வு. அகர்ஷ் அசோகா, விமல் மிஸ்ரா முதலியோர் 2017ஆம் ஆண்டு 'நேச்சர் ஜியோசயின்ஸ்' இதழில் அதை வெளியிட்டனர். 2002 முதல் 2013 வரை வட இந்தியாவில் நிலத்தடி நீர் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் குறைந்தது. தென்னிந்தியாவில் 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை கூடியது என்பது அவர்கள் முடிவு. நீரை நிலப்பரப்பின்மேல் ஒரே சீராகப் பரப்பினால் கிடைக்கும் கனத்தையே இவ்வளவு சென்டிமீட்டர் என்கிறார்கள். இந்தியப் பெருங்கடல் வெப்பமடைவதால் வடக்கே மழை குறைந்ததும் நீர் குறைவுக்கு ஒரு காரணம் என்று அவர்கள் காட்டினர். கடலின் வெப்பத்தையும் கிணற்றின் நீரையும் இணைத்துப் பார்த்த அருமையான முயற்சி அது. அதன் வடக்குப் பகுதியைப் பற்றி எனக்கு வாதமில்லை. தெற்கைப் பற்றிய முடிவையே இங்கு ஆராய்வோம்.

அம்முடிவுக்கு இரண்டு சாட்சிகள். ஒன்று வானத்தில், மற்றொன்று மண்ணில். முதலில் மண்ணிலுள்ள சாட்சியை விசாரிப்போம்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடெங்கும் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் அளக்கிறது. போக்கைக் கணக்கிடும் ஆய்வாளர், விட்டுவிட்டு அளவு இருக்கும் கிணறுகளை நீக்கிவிட்டு, தொடர்ந்து அளவு கிடைத்த கிணறுகளையே எடுத்துக்கொள்வது வழக்கம். கேட்பதற்கு நியாயமான விதிதான். ஆனால் அளவு ஏன் விட்டுப்போகிறது? கிணறு வற்றினால் அளக்க நீர் இல்லை. அந்தக் கட்டம் வெறுமையாக நின்றுவிடுகிறது.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் ஐந்து கிணறுகள். நிலமட்டத்திலிருந்து நீர் இருக்கும் ஆழம் முறையே 8, 10, 12, 20, 25 மீட்டர். சராசரி 15 மீட்டர். பத்தாண்டு கழித்து முதல் மூன்று கிணறுகளில் நீர் ஒரு மீட்டர் இறங்கி 9, 11, 13 ஆகிறது. மற்ற இரண்டும் வற்றிவிடுகின்றன. மீந்த மூன்றின் சராசரி 11 மீட்டர். ஐந்து கிணறுகளில் ஒன்றில்கூட நீர் ஏறவில்லை. ஆனால் கணக்கோ நீர் 4 மீட்டர் மேலே வந்துவிட்டதாகச் சொல்கிறது! தேறாத மாணவர்களின் பெயரை நீக்கிவிட்டு, வகுப்பின் சராசரி மதிப்பெண் உயர்ந்துவிட்டது என்று மகிழ்வது போன்றதே இது.

இது வெறும் கற்பனைக் குற்றச்சாட்டு அன்று. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேஜஸ்வி ஹோரா, நந்திதா பாசு ஆகியோரும் பெங்களூரில் ஆய்வு செய்த வீணா சீனிவாசனும் 2019இல் 'ஜியோபிசிக்கல் ரிசர்ச் லெட்டர்ஸ்' இதழில் இதையே சுட்டிக்காட்டினர். தெற்கில் கிணறுகள் வற்றுவதாகக் களத்திலிருந்து வரும் செய்தியும், நீர் பெருகுவதாகக் கணக்கிலிருந்து வரும் செய்தியும் எப்படி ஒருங்கே உண்மையாக இருக்க முடியும் என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. வற்றிய கிணறுகள் கணக்கிலிருந்து தாமாகவே உதிர்ந்துவிடுவதே இம்முரணுக்குக் காரணம் என்று அவர்கள் விடை கண்டனர்.

அப்படியானால் அதே விதி வடக்கே ஏன் பெரும் பிழை விளைக்கவில்லை? விடை நம் காலடியில் இருக்கிறது. பஞ்சாப் போன்ற சமவெளிகளில் ஆறுகள் கொண்டுவந்து குவித்த வண்டல் மிக ஆழமானது. அங்கே நீர் ஆண்டுதோறும் இறங்கினாலும் அந்த இறக்கம் பதிவேட்டில் தெரிகிறது. சேலம், நாமக்கல் பகுதியோ நைஸ், சார்னோக்கைட்டு போன்ற கடும்பாறை நிலம். மேலேயுள்ள நைந்து சிதைந்த பாறையடுக்கில்தான் நீர் நன்கு தங்கும். அதன் கீழே பாறை வெடிப்புகளில் ஊறும் நீரே கதி. மேலடுக்கு காய்ந்ததும் திறந்த கிணறு மெல்ல இறங்குவதில்லை, முடிந்துவிடுகிறது. ஒரு நிலத்துக்குப் பொருந்திய விதியை வேறு நிலத்துக்கு அப்படியே பொருத்தியதே பிழை.

இனி வானத்துச் சாட்சி. 2002இல் ஏவப்பட்டு 2017 வரை பணியாற்றிய 'கிரேஸ்' என்னும் இரட்டைச் செயற்கைக்கோள்கள், சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. கீழே நிறை கூடினால் ஈர்ப்பும் கூடும். இரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் மிக நுண்ணிய அளவில் மாறும். அம்மாற்றத்திலிருந்து நீரின் நிறையைக் கணக்கிடுகிறார்கள். வியக்கத்தக்க கருவி! 2018இல் அதன் வாரிசு ஏவப்பட்டது.

எனினும் இரண்டு செய்திகளை மறக்கலாகாது. முதலாவது, அதன் பார்வை ஏறக்குறைய ஒரு லட்சம் சதுர கிலோமீட்டர் அகலமானது. தமிழ்நாட்டின் பரப்பே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். சூரமங்கலத்துக் கிணறு அதற்குத் தெரியாது. மேலும் அது ஆறு, அணை, மண் ஈரம் எல்லாவற்றையும் சேர்த்தே நிறுக்கிறது. நிலத்தடி நீரைக் கழித்தல் கணக்கால்தான் பிரித்தெடுக்க வேண்டும். சேலம் மாவட்டத்திலேயே உள்ள மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. அதைத் தமிழ்நாடு முழுவதும் பரப்பினால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வரும். நாம் பேசும் ஓராண்டு உயர்வின் அளவும் அவ்வளவே! கழித்தலில் சிறிது தவறினாலும், டெல்டாவுக்குப் போகும் நீர் நம் கிணற்றின் கணக்கில் ஏறிவிடும்.

இரண்டாவது, அளவை தொடங்கிய 2002ஆம் ஆண்டு நாடெங்கும் பருவமழை 19 விழுக்காடு குறைந்த வறட்சி ஆண்டு. 2005இல் தமிழகத்தில் பெருமழை பெய்தது. பள்ளத்தில் நின்று அளக்கத் தொடங்கினால் சமதரையும் மேடாகவே தோன்றும். தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்துபோன 2016ஆம் ஆண்டோ அந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது.

இதனால் செயற்கைக்கோளும் வேண்டாம், சராசரியும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இரண்டு சாட்சிகள் ஒரே சொல்லைச் சொன்னாலும், ஒவ்வொருவரையும் தனித்தனியே குறுக்கு விசாரணை செய்யவேண்டும் என்பதே என் கருத்து. ஏனெனில் இதில் பிழை நேர்ந்தால் அதன் விலை இதழின் பக்கத்தோடு முடியாது. "தெற்கே நீர் பெருகுகிறது" என்ற சொல்லை நம்பி, கடன் வாங்கி ஆயிரம் அடிக்குத் துளையிட்டு, புழுதி மட்டுமே வரக் காண்கிறவர் உழவர்.

மருந்து மிக எளியது. கட்டத்தை வெறுமையாக விடாமல், 'வற்றியது' என்று எழுதிக் கிணற்றின் ஆழத்தையும் குறிக்க வேண்டும். நீர் அந்த ஆழத்துக்கும் கீழே போய்விட்டது என்பதும் ஓர் அளவுதானே! மாணவ நண்பர்களே, உங்கள் ஊரில் பத்துக் கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கல் கட்டிய கயிற்றை இறக்கி, மாதம் ஒருமுறை ஆழத்தைக் குறித்து வாருங்கள். நீர் இல்லாத கிணற்றையும் விடாதீர்கள். அடுத்த முறை நிலத்தடி நீர் உயர்ந்ததாகச் செய்தி படிக்கும்போது, எத்தனை கிணறுகள் அளக்கப்பட்டன என்பதோடு, எத்தனை கிணறுகள் விடப்பட்டன என்றும் கேளுங்கள்.